புது வீட்டுக்கு வந்த நான்கு வயது டைகர்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறோம். கணவருக்கு சிப்காட்டில் வேலை, நான் பள்ளி ஆசிரியை. வீட்டில் எட்டு வயதுப் பையனும் மாமியாரும் இருக்கிறார்கள். புதுச்சேரி லாஸ்பேட்டையில் எங்களுக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று துபாய்க்குப் போய்விட்டதால், அவர்கள் வளர்த்த நான்கு வயது ஆண் நாயை நாங்கள் எடுத்துக்கொண்டோம். லாப்ரடாரும் நாட்டு நாயும் கலந்தது, பெயர் டைகர். வந்து ஐந்து நாள் ஆகிறது. பகல் முழுக்கக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. சாப்பாட்டைத் தொடுவதில்லை; எல்லாரும் தூங்கியபின் எழுந்து வந்து பாதி சாப்பிடுகிறது. ஹாலில் இரண்டு முறை சிறுநீர் கழித்துவிட்டது. ராத்திரியில் வாசல் கதவருகே நின்று முனகுகிறது. பழைய வீட்டுக்காரர்கள் தினமும் வீடியோ காலில் கூப்பிடுகிறார்கள். அப்போது மட்டும் ஓடி வந்து போனைச் சுற்றிச் சுற்றி வருகிறது. நேற்று பையன் கட்டிலுக்கு அடியில் நுழைந்து கட்டிப்பிடிக்கப் பார்த்தான், உறுமிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர், "நாலு நாள் சங்கிலியில் கட்டிப் போடுங்க, வழிக்கு வரும்" என்கிறார். மாமியாருக்கு நாய் என்றாலே ஆகாது, அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் மதியம் அவர் சமையலறை வாசலில் உட்கார்ந்து காய் நறுக்கும்போது, நாலடி தள்ளி வந்து படுத்துக்கொள்கிறது. எங்களிடம் மட்டும் ஏன் வர மாட்டேன் என்கிறது? குட்டியாக வாங்கியிருக்க வேண்டுமோ? திங்கட்கிழமை முதல் நான் பள்ளிக்குப் போக வேண்டும். தீபாவளி வேறு வருகிறது.
வாசகி, கடலூர்

பதில்: டைகர் உங்கள் மாமியார் பக்கத்தில் போய்ப் படுப்பதற்குக் காரணம், அந்த வீட்டில் அதனிடம் எதையும் எதிர்பார்க்காத ஒரே ஆள் அவர்தான். அவர் கூப்பிடுவதில்லை, கை நீட்டுவதில்லை, குனிந்து முகத்தைப் பார்ப்பதில்லை. தன் வேலையைப் பார்க்கிறார். பயந்துபோன நாய்க்கு அப்படிப்பட்டவர் பக்கத்தில்தான் கொஞ்சம் மூச்சு விட முடியும். நீங்கள் மூவரும் அன்போடுதான் நெருங்குகிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அன்பை வாங்கிக்கொள்ளும் நிலையில் அது இன்னும் இல்லை. அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்கு வீட்டில் எல்லாரும் மாமியாரைப் போலவே இருங்கள்.

நாய் உலகத்தை மூக்கால் தெரிந்துகொள்ளும் பிராணி. லாஸ்பேட்டை வீட்டில் எத்தனை மணிக்குக் கதவு திறக்கும், எந்த வண்டிச் சத்தம் யாருடையது, எந்த மூலையில் வெயில் விழும் என்று எல்லாமே அதற்கு அத்துப்படியாக இருந்திருக்கும். ஒரே நாளில் அத்தனையும் போய்விட்டன. ஏன் போயின என்று எடுத்துச் சொல்லவும் வழியில்லை. நாய் வளர்ப்பவர்களிடையே ஒரு கணக்கு உண்டு. திகைப்பு அடங்க மூன்று நாள், வீட்டு வழக்கம் பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று ஒட்டிக்கொள்ள மூன்று மாதம். உத்தேசக் கணக்குதான், சில நாய்களுக்கு இன்னும் அதிகமாகவே ஆகும். ஐந்து நாள் ஒன்றுமே இல்லை. யாரும் பார்க்காதபோது எழுந்து வந்து பாதியாவது சாப்பிடுகிறதே, அது எனக்கு நல்ல சேதியாகத்தான் படுகிறது.

இருந்தாலும் திங்கட்கிழமைக்கு முன்பே மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சோர்ந்து கிடப்பதும் சாப்பாட்டை ஒதுக்குவதும் ஏக்கத்தாலும் வரும், உண்ணிக் காய்ச்சலாலும் வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ரத்தப் பரிசோதனையில்தான் பிரித்துச் சொல்ல முடியும். நம் கடலோர ஊர்களின் சூட்டிலும் ஈரத்திலும் உண்ணிக்குப் பஞ்சமே இல்லை. ஈறு வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் கசிந்தாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். கடலூரிலேயே அரசு கால்நடை மருத்துவமனை இருக்கிறது. விரிவாகப் பார்க்க வேண்டுமென்றால் புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும்போது தடுப்பூசிப் புத்தகம் கையில் இருக்கட்டும். இல்லையென்றால் துபாயிலிருந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி கடைசியாக எப்போது போட்டார்கள், எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போட்டார்களா என்று பாருங்கள். மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் தண்ணீரில் எலியின் சிறுநீரும் கலந்திருக்கும் என்பதால், நம் ஊரில் அந்த இரண்டாவது ஊசியை அலட்சியம் செய்யக் கூடாது. கருத்தடை ஆகிவிட்டதா என்றும் கேட்டு வையுங்கள். ஆகாத ஆண் நாய் புது இடத்தில் மூலைக்கு மூலை அடையாளம் வைக்கும், ஹாலில் நடந்தது அதுவாகக்கூட இருக்கலாம்.

அடுத்தது அந்த வீடியோ கால். அதை இன்றே நிறுத்துங்கள். அந்தக் குடும்பத்துக்கு இதைக் கேட்க வலிக்கும், அவர்களும் பிள்ளையைப் பிரிந்த மாதிரிதான் இருப்பார்கள். ஆனால் டைகரின் பக்கம் நின்று பாருங்கள். தெரிந்த குரல் கேட்கிறது, ஓடி வந்து மோந்து பார்த்தால் வாசனை இல்லை, ஆளும் இல்லை. கொஞ்ச நேரத்தில் குரலும் நின்றுவிடுகிறது. தினம் ஒருமுறை அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்காமல் தோற்றுப்போகிறது. ராத்திரியில் கதவருகே நின்று முனகுவதில் இதற்கும் பங்கு இருக்கும் என்று நினைக்கிறேன். அவர்களுக்குப் படம் அனுப்புங்கள், குரல் மட்டும் மூன்று மாதத்துக்கு வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். அதற்குப் பதில் அவர்களிடம் வாங்கிக்கொள்ள வேண்டியது வேறு இருக்கிறது. டைகர் படுத்த பழைய துண்டோ பெட்ஷீட்டோ லாஸ்பேட்டை வீட்டில் மிச்சம் இருந்தால், துவைக்காமல் அப்படியே கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் போடுங்கள். என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எந்தச் சொல்லுக்கு உட்காரும், எந்தச் சத்தத்துக்குப் பயப்படும் என்று விசாரித்து எழுதிக்கொள்ளுங்கள். பெயரையும் மாற்ற வேண்டாம், உங்கள் வீட்டில் அதற்குப் பழக்கமான சத்தம் அது ஒன்றுதான்.

கட்டிலுக்கு அடி இப்போது அதன் இடம். யாரும் குனிந்து எட்டிப் பார்க்கக் கூடாது, துடைப்பத்தை நீட்டக் கூடாது. தண்ணீரும் சோறும் அங்கிருந்து நாலடி தூரத்தில், தினமும் அதே நேரத்தில் இருக்கட்டும். வைத்துவிட்டு நீங்கள் நகர்ந்துவிடுங்கள். முதல் சில நாட்களுக்குக் கணவர் ஹாலில் பாய் போட்டுப் படுத்தால் ராத்திரி முனகல் குறையும். அது முனகினால் திட்டவும் வேண்டாம், எழுந்து போய்க் கொஞ்சவும் வேண்டாம். பக்கத்தில் ஆள் இருப்பது தெரிந்தால் போதும்.

பையன் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உறுமியதற்காக டைகரை அடித்தீர்களா, திட்டினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டும் வேண்டாம். உறுமல் என்பது "கிட்ட வராதே" என்று நாய் நாகரிகமாகச் சொல்லும் வழி. அதற்கு அடி விழுந்தால் அடுத்த முறை சொல்லாமலேயே கடிக்கும். உறுமலுக்கு முன்பும் அது பலமுறை சொல்லியிருக்கும். உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், உடம்பு விறைத்துப்போகும். இதையெல்லாம் பையனுக்குக் காட்டிக் கொடுங்கள், எட்டு வயதுப் பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள். கட்டிப்பிடிப்பது மனிதர்களுக்குத்தான் பாசம். புதிய ஆள் கட்டிப்பிடித்தால் நாய்க்கு மாட்டிக்கொண்டதாகத்தான் தோன்றும், அதுவும் கட்டிலுக்கு அடியில் தப்பிக்க வழியே இல்லாத இடத்தில். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் அதன் அருகே போகக் கூடாது, அதுவாக வந்தால் மட்டும் தொடலாம் என்று பையனிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவன் ஹாலில் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து சத்தமாகப் பாடம் படிக்கட்டும், நடுவில் எலும்பில்லாத ஒரு துண்டு வேகவைத்த கோழியைத் தள்ளிப் போட்டுவிட்டு மறுபடி படிக்கட்டும். பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் இருவரையும் தனியாக விடாதீர்கள். தப்பித் தவறிப் பல் பட்டுவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி போட்ட வீட்டு நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள். கட்டிப் போட்ட நாயால் பயம் வந்தால் விலகிப் போக முடியாது, மிச்சம் இருக்கும் ஒரே வழி கடிப்பதுதான். நாம் வழிக்கு வந்துவிட்டது என்று நினைப்பது பெரும்பாலும் அது ஓய்ந்துபோய் அடங்கியதைத்தான். நாயை நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. மொட்டை மாடியில் விடுவதும் இதே ரகம்தான். பூஜை அறைக்கோ சமையலறைக்கோ வரக் கூடாது என்றால் வாசலில் ஒரு தடுப்பு வையுங்கள், அதில் தவறே இல்லை. ஒருவர் உள்ளே விட, இன்னொருவர் விரட்டாமல், எல்லாரும் எல்லா நாளும் ஒரே விதியைக் கடைப்பிடித்தால் போதும்.

சாப்பாட்டில், பழைய வீட்டில் கொடுத்ததையே கொடுங்கள். மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம். சாம்பார் சாதமும் பிரியாணி மிச்சமும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு மூன்றும் ஆகாது. நாம் போடும் காய்ச்சல் மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. ஹாலில் நடந்ததற்கு மூக்கைத் தரையில் தேய்ப்பது சில வீடுகளில் இன்னும் நடக்கிறது. அதனால் நாய் கற்றுக்கொள்வதெல்லாம் உங்களைக் கண்டால் ஒளிந்துகொள்ள வேண்டும் என்பதைத்தான். சோப்புத் தண்ணீரில் நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், ராத்திரி படுக்கும் முன்பும் ஒரே இடத்துக்குக் கூட்டிப்போங்கள்.

திங்கட்கிழமையை அன்றைக்கே முதல்முறையாகச் சந்திக்க வைக்காதீர்கள். இன்றிலிருந்தே பையை மாட்டிக்கொண்டு வெளியே போய் ஒரு நிமிடத்தில் திரும்புங்கள், அப்புறம் ஐந்து நிமிடம், அப்புறம் அரை மணி நேரம். போகும்போதும் வரும்போதும் ஆர்ப்பாட்டம் வேண்டாம். பகலில் மாமியார் இருப்பது பெரிய பலம். அவரைத் தொடச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். கேரட் நறுக்கும்போது ஒரு துண்டை அதன் பக்கம் போட முடியுமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள், முடியாது என்றால் சரி, விட்டுவிடுங்கள்.

குட்டி வாங்கியிருக்கலாமோ என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்குப் போகும் இருவருக்குக் குட்டி இதைவிடக் கஷ்டம். மணிக்கொரு தரம் வெளியே கூட்டிப்போக வேண்டும், கண்டதைக் கடிக்கும், வளர்ந்தபின் எப்படி இருக்கும் என்பதும் தெரியாது. டைகருக்குக் குடும்பத்தோடு வாழத் தெரியும். இந்தக் குடும்பத்தோடு பழகத்தான் நேரம் கேட்கிறது.

தீபாவளிக்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. பெல்ட்டில் உங்கள் போன் நம்பரைப் பொறித்த வில்லையை இன்றே மாட்டுங்கள். புது வீட்டு நாய் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடினால் திரும்பி வர வழி தெரியாது. வெளியே போகும்போது பெல்ட்டோடு மார்புப் பட்டையும் சேர்த்துப் போட்டுப் பிடியுங்கள். வெயிலும் கூட்டமும் இல்லாத விடியற்காலையில் உங்கள் தெரு வரைக்கும் போனால் போதும், சில்வர் பீச்செல்லாம் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். தீபாவளியன்று இருட்டுவதற்குள் நடையை முடித்துவிட்டு, ஜன்னலைச் சாத்தித் திரை போட்டு, மின்விசிறியும் டிவியும் ஓட, கட்டிலுக்கு அடியிலேயே இருக்க விடுங்கள். யார் கதவைத் திறந்தாலும் டைகர் எங்கே என்று பார்த்துவிட்டுத் திறக்க வேண்டும். அதிகம் நடுங்கும் நாய் என்று பழைய வீட்டில் சொன்னால், பயத்தைத் தணிக்கும் மருந்து பற்றி மருத்துவரிடம் ஒரு வாரம் முன்பே கேளுங்கள். நாம் போடும் தூக்க மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.