கைவேலை கேள்வி–பதில்: முக்கோணக் கழுத்துச் சால்வை

தொண்டி முதல் ஏர்வாடி வரையிலான கடலோர ஊர்களைச் சேர்ந்த நம் வாசகியர் சிலர், வாட்ஸ்அப் குழு ஒன்றை அமைத்துக்கொண்டு, எல்லோரும் ஒரே சமயத்தில் ஒரே குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) வேலையைப் பின்னி வருகிறார்கள். செய்முறை வாரத்துக்கு ஒரு பகுதியாகக் குழுவில் வரும். அடுத்த பகுதி வருவதற்குள் அதை முடித்துப் படம் அனுப்ப வேண்டும் என்பது அவர்களுடைய ஏற்பாடு. இப்போது அவர்கள் கையில் இருப்பது, மேடும் குமிழுமாக எழும்பி நிற்கும் புடைப்பு வேலைப்பாடு கொண்ட முக்கோணக் கழுத்துச் சால்வை. கீழ் முனையில் நான்கு கண்ணிகளுடன் தொடங்கி, வரிசைக்கு நான்கு கண்ணிகள் வீதம், ஓரத்துக்கு இரண்டாக, இரு ஓரங்களிலும் கூட்டிக்கொண்டே போய், மேல் விளிம்பு தலை நுழையும் அகலத்தை எட்டியதும் இரு ஓரங்களையும் பின்கழுத்தில் இணைத்து, அதற்கு மேல் கழுத்துப் பட்டியை வட்டமாகப் பின்னி முடிப்பது இதன் அமைப்பு. முக்கோணத்தின் முனை மார்பில் விழும். சாதாரணச் சால்வையைப்போல் தோளிலிருந்து நழுவாது. இம்மாதக் கடிதங்களில் பெரும்பகுதி இதைப் பற்றியே வந்திருப்பதால், பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: செய்முறையில் 24ஆம் வரிசை முடிந்ததும் இணைக்கச் சொல்லியிருக்கிறது. எனக்கு 24 வரிசையும் முடிந்து, கண்ணிகளும் சரியாக 96 இருக்கின்றன. ஆனால் மேல் விளிம்பு 53 சென்டிமீட்டர்தான் வருகிறது. இணைத்துப் பார்த்தால் தலை நுழையவில்லை. என் நாத்தனாருக்கோ அதே 96 கண்ணியில் 68 சென்டிமீட்டருக்கு மேல் வந்து கழுத்தில் நிற்காமல் தொங்குகிறது. நூலும் 4 மில்லிமீட்டர் ஊசியும் இருவரும் ஒரே கடையில் வாங்கியவை. தவறு யாருடையது?
– வாசகி, கீழக்கரை

பதில்: உங்கள் இருவர் மீதும் தவறில்லை. செய்முறையில் உள்ள 24 என்ற எண், அதை எழுதியவருடைய கையின் இறுக்கத்துக்குப் பொருந்திய எண். அது உங்களுக்கும் பொருந்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது. சமையலில் மட்டுமல்லாமல் நூலிலும் கைப்பக்குவம் என்று ஒன்று இருக்கிறது. ஆகவே வரிசை எண்ணைப் பார்க்காமல் அளவைப் பார்த்து இணைக்க வேண்டும்.

கணக்கு எளிமையானது. பெண்களின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 54 முதல் 58 சென்டிமீட்டருக்குள் இருக்கும். கொண்டை போட்டிருந்தாலும் சிரமமின்றி நுழைய வேண்டுமானால், நீட்சி இல்லாத காட்டன் நூலில் மேல் விளிம்பை 60 சென்டிமீட்டராக வைத்துக்கொள்ளலாம். சற்று இழுத்துக் கொடுக்கும் உல்லன், அக்ரிலிக் நூல்களில் 57, 58 போதும். 96 கண்ணிகள் 53 சென்டிமீட்டர் வருவதால், உங்கள் கையில் 10 சென்டிமீட்டருக்கு 18 கண்ணிகள் விழுகின்றன. அப்படியானால் 60 சென்டிமீட்டருக்கு 108 கண்ணிகள் தேவை. வரிசைக்கு நான்கு கூடுவதால் 27ஆம் வரிசையில் இணைத்தால் சரியாக இருக்கும். உங்கள் நாத்தனாருக்கு 10 சென்டிமீட்டருக்கு 14 கண்ணிகள்தான் விழுகின்றன. அவர் 84 கண்ணியில், அதாவது 21ஆம் வரிசையிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். நீங்கள் இன்னும் மூன்று வரிசை பின்ன வேண்டும், அவர் மூன்று வரிசை பிரிக்க வேண்டும், அவ்வளவுதான் வேறுபாடு. 108, 84 ஆகிய இரண்டும் இரண்டாலும் மூன்றாலும் வகுபடுகிற எண்கள் என்பதால் புடைப்பு வேலைப்பாடு இணைப்பில் பிசகாது. உங்களுக்கு வேறொரு எண் வந்தால், வேலைப்பாடு எத்தனை கண்ணிக்கு ஒருமுறை திரும்ப வருகிறதோ அந்த எண்ணால் வகுபடும் இடத்தில் நிறுத்துங்கள்.

அளவு பார்ப்பதற்குச் சாதாரணப் பின்னலில் மாதிரித் துண்டு போடாதீர்கள். அதே புடைப்பு வேலைப்பாட்டில் ஒரு சாண் சதுரம் போட்டு, நனைத்து, உலர்த்தி, நடுப்பகுதியில் அளவுகோலை வையுங்கள். புடைப்பு வேலை துணியை உள்ளிழுக்கும் குணம் உடையது.

கேள்வி: சிறுவயதில் கன்னியாஸ்திரீகளிடம் குரோஷா கற்றவள் நான். அவர்கள் சொல்லிக்கொடுத்த டபுள் குரோஷா தையலைப் போட்டால் என் வரிசை குழுவில் உள்ளவர்களுடைய வரிசையில் பாதி உயரம்தான் வருகிறது. ஏன்?
– வாசகி, இராமேஸ்வரம்

பதில்: நீங்கள் கற்றது பிரிட்டிஷ் முறை, உங்கள் குழுவின் செய்முறை அமெரிக்க முறை. அமெரிக்கர்களின் சிங்கிள் என்ற குட்டையான தையல்தான் பிரிட்டிஷ் முறையில் டபுள்; அமெரிக்கர்களின் டபுள், உங்களுக்கு ட்ரெபிள். செய்முறையில் எங்கேனும் ‘சிங்கிள் குரோஷா’ என்று இருந்தால் அது அமெரிக்க முறை என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இன்றைய பிரிட்டிஷ் செய்முறைகளில் அந்தப் பெயர் வராது. இந்தப் பக்கத்தில் நாங்கள் எழுதுவதும் அமெரிக்க முறைப்படியே.

கேள்வி: முக்கோணம் முழுவதும் மேடு மேடாக அழகாக வந்தது. இணைத்து வட்டமாகப் பின்னத் தொடங்கியதும் மேடுகள் காணாமல் போகின்றன; பாபிள்கள் (குமிழ்கள்) எல்லாம் கழுத்துப் பக்கம், உள்ளே புடைத்துக்கொண்டு நிற்கின்றன. செய்முறையை ஒரு எழுத்து மாற்றாமல்தான் செய்கிறேன்.
– வாசகி, தொண்டி

பதில்: ஒரு எழுத்து மாற்றாமல் செய்ததுதான் காரணம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. முக்கோணத்தைப் பின்னும்போது ஒவ்வொரு வரிசை முடிவிலும் வேலையைத் திருப்புகிறீர்கள். ஆகவே ஒரு வரிசையில் வெளிப்பக்கமும் அடுத்த வரிசையில் உள்பக்கமும் உங்களைப் பார்க்கின்றன. வட்டமாக இணைத்த பிறகு திருப்புவது நின்றுவிடுகிறது. எப்போதும் வெளிப்பக்கமே உங்களைப் பார்க்கிறது. புடைப்பு வேலையில் இந்த ஒரு மாற்றம் எல்லாவற்றையும் புரட்டிவிடும்.

மேடு எப்படி எழுகிறது என்பதைச் சற்று நின்று பாருங்கள். சாதாரண டபுள் குரோஷாவில் ஊசி, கீழ் வரிசைக் கண்ணியின் தலையில் உள்ள இரண்டு இழைகளுக்கு அடியில் நுழைகிறது. ஃப்ரன்ட் போஸ்ட் வகையில் தலையைத் தொடுவதே இல்லை. நூலை ஒருமுறை ஊசியில் சுற்றிக்கொண்டு, கண்ணியின் உடல் பகுதிக்கு (தலைக்குக் கீழே நிற்கும் தண்டு) வலப்புறம் முன்னாலிருந்து பின்னுக்கு ஊசியை நுழைத்து, அந்த உடலை அணைத்தாற்போல் இடப்புறம் முன்னுக்கு எடுக்கிறோம். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தப் பக்கங்கள் மாறும். இப்போது அந்தக் கண்ணியின் உடல் ஊசிக்கு மேல் குறுக்காகக் கிடக்கும். நூலை இழுத்து வழக்கம்போல் முடித்தால் கண்ணி முன்பக்கமாகத் தள்ளப்பட்டு மேடாகிறது, தலையின் இரண்டு இழைகளும் பின்பக்கம் சாய்ந்து மறைகின்றன. பேக் போஸ்ட் இதையே பின்னாலிருந்து செய்வது. திருப்பிப் பின்னும் முக்கோணத்தில் வெளிப்பக்க வரிசைக்கு ஃப்ரன்ட் போஸ்ட், உள்பக்க வரிசைக்கு பேக் போஸ்ட் என்று மாற்றி மாற்றிப் போட்டால்தான் மேடு முழுவதும் ஒரே பக்கம் நிற்கும். வட்டத்திலும் அதே ஒழுங்கில் மாற்றிப் போட்டால் ஒரு சுற்று வெளியேயும் மறு சுற்று உள்ளேயும் தள்ளிக்கொண்டு, மேடு அழிந்துவிடும். திருப்பாமல் பின்னும் வட்டத்தில் எல்லாச் சுற்றும் ஃப்ரன்ட் போஸ்ட் மட்டுமே வர வேண்டும்.

பாபிளும் அப்படித்தான். ஐந்து டபுள் குரோஷாவைப் பாதியில் நிறுத்தி ஒன்றாகக் கட்டும்போது அந்தக் குமிழ் இயல்பாகவே நமக்கு எதிர்ப்பக்கம் புடைக்கும். அதனால்தான் பாபிளை உள்பக்க வரிசையில் வைப்பார்கள். திருப்பாத வட்டத்தில் உள்பக்கச் சுற்று என்று ஒன்று இல்லை.

இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி இருக்கிறது. எங்கள் பரிந்துரையும் அதுவே. ஒவ்வொரு சுற்றையும் ஸ்லிப் தையலால் (உயரமில்லாத இணைப்புத் தையல்) இணைத்தவுடன், அடுத்த சுற்றைத் தொடங்கும் முன் வேலையைத் திருப்பிவிடுங்கள். அப்போது வட்டமும் முக்கோணத்தைப்போலவே நடந்துகொள்ளும். செய்முறையை மாற்ற வேண்டியதில்லை. இதில் இன்னொரு நன்மையும் உண்டு. திருப்பாமல் பின்னினால் இணைப்புக் கோடு சுற்றுக்குச் சுற்று ஒரு பக்கமாகச் சாய்ந்து நகரும். திருப்பிப் பின்னினால் நேராகப் பின்கழுத்திலேயே நிற்கும்.

கேள்வி: ஓரங்களில் பொத்தல் விழுகிறது; மேல் முனைகள் இரண்டும் சுருங்கி வளைகின்றன.
– வாசகி, ஏர்வாடி

பதில்: போஸ்ட் தையல் கீழ் வரிசையின் தலையில் அமராமல் உடலைப் பிடித்துக்கொள்வதால் வரிசையின் உயரம் குறையும். அதற்கு வரிசைத் தொடக்கத்தில் மூன்று சங்கிலிக் கண்ணி போட்டு எழுந்தால் சங்கிலி நீண்டு பொத்தலாகும், இரண்டு போதும். ஒவ்வொரு வரிசையிலும் முதல் இரண்டு, கடைசி இரண்டு கண்ணிகளைச் சாதாரண டபுள் குரோஷாவாகவே வைத்து, கூட்டலை அவற்றிலேயே செய்யுங்கள். புதிய கண்ணிகளை உடனே புடைப்பாக்கப் போனால்தான் ஓரம் சுருங்குகிறது.

கேள்வி: இந்த வெப்பத்தில் எந்த நூல் உகந்தது? எவ்வளவு வாங்க வேண்டும்? ஒன்று ஊட்டியில் படிக்கும் மகளுக்கு, மற்றொன்று விசைப்படகில் போகும் என் கணவருக்கு என்று நினைத்திருக்கிறேன்.
– வாசகி, மண்டபம்

பதில்: முதலில் கணவருக்கான சால்வையைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். கழுத்தைச் சுற்றி மூடிய வளையமாக இருக்கும் எதையும் படகு வேலைக்குப் போட்டு அனுப்பாதீர்கள். கயிறும் வலையும் ஓடுகிற இடத்தில், விஞ்சின் (வலை இழுக்கும் இயந்திரம்) அருகில், அது சிக்கினால் கழற்ற நேரம் இருக்காது. வாடைக் காற்றுக்குக் கரையில் போட்டுக்கொள்ளட்டும்.

மகளுக்கு அக்ரிலிக் போதும். விடுதியில் துவைப்பதற்கும் அதுவே எளிது. நம் ஊரிலேயே அணிவதானால் மெல்லிய காட்டன் நூல் வியர்வையை உறிஞ்சும். ஆனால் காட்டனில் அடர்த்தியான பாபிள் வைத்தால் கனத்து, முனை கீழே இழுக்கும். காட்டனுக்கு போஸ்ட் மேடுகள் மட்டும் போதும் என்பது எங்கள் கருத்து.

நூலின் அளவைப் பொறுத்தவரை, முனையிலிருந்து தொடங்கும் முக்கோணம் நம்மை ஏமாற்றக்கூடியது. வரிசைகளில் பாதி முடியும்போது நூலில் கால் பங்குதான் செலவாகியிருக்கும்; மீதி முக்கால் பங்கும் மேல்பாதியில்தான் போகிறது. ஆகவே 27 வரிசை தேவைப்படுபவர் 13, 14ஆம் வரிசையில் நிறுத்தி, அதுவரை எத்தனை கிராம் தீர்ந்தது என்று சமையலறைத் தராசில் பார்த்து, அதை நான்கால் பெருக்கட்டும். முக்கோணம் முழுவதற்கும் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கழுத்துப் பட்டி தனிக் கணக்கு. குறைவாக இருந்தால் அப்போதே, உறையில் அச்சிட்டிருக்கும் சாய எண்ணைப் பார்த்து அதே எண்ணில் வாங்குங்கள். எண் மாறினால் ஒரே சிவப்பும் இரண்டு சிவப்பாகத் தெரியும்.

கேள்வி: குழுவில் பாதிப் பேர் முடித்துவிட்டார்கள். நான் 15ஆம் வரிசையில் பிழை கண்டு பிரிக்கப் பயந்து உட்கார்ந்திருக்கிறேன். பின்தங்கினால் என்னை விட்டுவிடுவார்களோ?
– வாசகி, தேவிபட்டினம்

பதில்: மீன்வலையில் ஒவ்வொரு கண்ணும் முடிச்சு போட்டு நிற்பது, ஓரிடத்தில் அறுந்தாலும் அடுத்தது அசையாது. குரோஷாவில் முடிச்சே இல்லை. ஊசியில் நிற்கும் ஒற்றைக் கண்ணியை விட்டால் எல்லாம் உருவிக்கொண்டு வரும் என்ற பயம் நியாயமானது. சரியாக இருக்கும் கடைசி வரிசையின் இறுதிக் கண்ணியில் ஒரு சேஃப்டி பின்னை மாட்டிவிட்டுப் பிரியுங்கள்; பிரிவது அதைத் தாண்டிப் போகாது. பாபிள் வரும் இடத்தில் மட்டும் அவசரப்பட்டு இழுக்காமல், ஒன்றாகக் கட்டிய இழைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள்.

பின்தங்குவது பற்றி எங்களுக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. வாரக்கெடு வைத்துக்கொண்டு படம் கேட்பது உற்சாகத்துக்காகத்தான். அது பந்தயமானால் பிழையைப் பிரிக்காமல் மறைத்துக்கொண்டு போகும் பழக்கம்தான் வளரும். 2016 ஜனவரியில் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் குரோஷா போர்வையைக் காட்சிப்படுத்திக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். பல கைகள் பின்னிய துண்டுகள் ஒன்றாக இணைய வேண்டிய அப்படிப்பட்ட வேலையில், யார் முதலில் முடித்தார் என்பதால் பயனில்லை. எல்லாருடைய துண்டும் ஒரே அளவில் இருந்தால்தான் இணைக்க முடியும். உங்கள் குழுவும் ‘இத்தனையாவது வரிசை’ என்று கேட்பதை விட்டு, ‘விளிம்பு எத்தனை சென்டிமீட்டர்’ என்று கேட்கத் தொடங்கலாம். கீழக்கரை வாசகியின் சிக்கலும் அதிலேயே தீர்ந்திருக்கும்.

கேள்வி: ஊசி சில வாரங்களிலேயே சொரசொரப்பாகிவிடுகிறது. முடித்த சால்வையை எப்படித் துவைத்து வடிவம் கொடுப்பது? எங்கள் கிணற்று நீர் உவர்ப்பு.
– வாசகி, பாம்பன்

பதில்: உப்புக்காற்றில் எஃகு ஊசி துருப்பிடிக்கும், துரு வெளிர் நூலில் பட்டால் எளிதில் போகாது. அலுமினிய ஊசியோ மூங்கில் ஊசியோ வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் துடைத்து, மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

உவர் நீரில் சோப்பு நுரைக்காமல் நூலிலேயே படிந்துவிடும். துவைப்பது அதில் என்றாலும் கடைசி அலசல் குடிநீரில் இருக்கட்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுத்து, தெர்மோகோல் அட்டையின் மேல் பரப்பி, முதலில் கீழ் முனையையும் பிறகு இணைப்புக் கோட்டையும் நேராக இழுத்துக் குத்துங்கள்; அதன் பிறகே ஓரங்கள். சாதாரணக் குண்டூசி ஈரத்தில் ஒரே இரவில் கறை விடும் என்பதால் துருப்பிடிக்காத குண்டூசி வேண்டும். மேடுகளை விரலால் கிள்ளி எழுப்பிவிட்டு நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரிப் பெட்டி மட்டும் பக்கத்தில் வரக் கூடாது. காட்டனில் மேடு நசுங்கும், அக்ரிலிக் சூட்டில் தளர்ந்து மறுபடி எழும்பவே எழும்பாது.