பல் டாக்டருக்குப் படிப்பவர்களின் பல்: கேள்வி பதில்

பல் மருத்துவக் கல்லூரியில் பொது சுகாதாரப் பல் மருத்துவப் பாடம் எடுக்கிறேன். பிடிஎஸ் மாணவர்களும் ஒரு தந்தையும் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

முதலாமாண்டு மாணவர்: மெழுகில் பல் செதுக்கவே நாள் போய்விடுகிறது. காலையில் மட்டும்தான் பல் தேய்க்கிறேன். இரவிலும் தேய்த்தே ஆக வேண்டுமா மேடம்?

ஆமாம் தம்பி. தூக்கத்தில் எச்சில் ஊறுவது ரொம்பவே குறைந்துவிடும். பல் மேல் சேரும் அமிலத்தைக் கழுவ ஆளே இல்லை. ஹாஸ்டலில் ராத்திரி ஒரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும் முடித்து அப்படியே சாய்கிறீர்கள் இல்லையா, அதுதான் சிக்கல். மெழுகுப் பல்லில் பள்ளம் கொஞ்சம் பிசகினாலும் திருப்பித் தருகிறார்களே, அதே பள்ளம் உங்கள் கடைவாயிலும் இருக்கிறது, பிஸ்கட் மாவோடு. கடைசியாகச் சாப்பிட்ட பிறகு இரண்டு நிமிடம் தேயுங்கள். நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் விட்டு அலச வேண்டாம். பேஸ்ட்டில் இருக்கும், சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு கொஞ்ச நேரம் பல்லில் தங்கட்டும்.

மூன்றாமாண்டு மாணவி: எங்கள் கல்லூரி மாணவர்களின் வாய் சுகாதாரப் பழக்கம் பற்றி ஆய்வு செய்கிறோம். ஹிரோஷிமா பல்கலைக்கழகக் கேள்வித்தாள் மட்டும் போதுமா?

பல் பராமரிப்புப் பழக்கத்தை அளக்க 1988இல் ஜப்பானிய ஆய்வாளர் கவாமுரா உருவாக்கியது அது. 20 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. பல நாடுகளில் பல் மருத்துவ மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். முதலாமாண்டைவிட கிளினிக்குக்குப் போக ஆரம்பித்தவர்கள் அதிக மதிப்பெண் வாங்குவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. எது சரியான விடை என்று உங்கள் சீனியர்களுக்கு நன்றாகவே தெரியும். அவர்கள் டிக் அடிப்பது பழக்கத்தையா, பாடத்தையா? அதனால் கேள்வித்தாளோடு வாயையும் பாருங்கள். பல்லில் எவ்வளவு படிவு இருக்கிறது என்று மதிப்பெண் போடும் சில்னஸ்–லோ பிளேக் இண்டெக்ஸ் போதும்.

போன பருவத்தில் ஒரு வகுப்புக்கே, படிவைச் சிவப்பாகக் காட்டும் எரித்ரோசின் சாயம் கொடுத்துக் கண்ணாடியில் பார்க்கச் சொன்னேன். "பல் ஒவ்வொன்றையும் கவனமாகத் தேய்க்கிறேன்" என்று எழுதியவர்களுக்கும் கீழ் முன்பற்களின் உள்பக்கம் சிவப்புக் கோடு. ஒரு பையன் உடனே பிரஷ் எடுத்து வரக் கிளம்பிவிட்டான்! எந்தப் பாடமும் அவனை அப்படி எழுப்பியதில்லை.

1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸில் அதே லோ என்ற ஆய்வாளர் நடத்திய சோதனையையும் படியுங்கள். 12 பேர் பல் தேய்ப்பதை நிறுத்தினார்கள், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள்தான். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி. திரும்பத் தேய்க்க ஆரம்பித்ததும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியானது. வாயில் படிவு சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பட்டப்படிப்பைப் பார்த்து மாறுவதில்லை.

இரண்டாமாண்டு மாணவர்: சீனியர் தன் கோட்டாவை (செய்து காட்ட வேண்டிய சிகிச்சைகளின் எண்ணிக்கை) முடிக்க என்னை ஸ்கேலிங்குக்கு, அதாவது பல் சுத்தம் செய்யக் கூப்பிடுகிறார். பல் ஆடும் என்று அம்மா பயப்படுகிறார்.

தாராளமாகப் போங்கள். பல்லை ஆட வைப்பது ஸ்கேலிங் இல்லை, வருடக்கணக்கில் ஈறோரம் இருந்த காரை, அதாவது கெட்டிப்பட்ட படிவு. அடைத்துக்கொண்டிருந்த காரை போனதும் இடைவெளி தெரிகிறது, நாக்கு அங்கேயே போகிறது, பல் ஆடுவது போலத் தோன்றுகிறது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். சீனியரிடம் கீழ் முன்பற்களின் உள்பக்கத்தை விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். எச்சில் சுரப்பிக் குழாய் திறக்கும் இடம் அது, காரை சீக்கிரம் படியும்.

தருமபுரி மாணவி: என் பற்களில் பழுப்புத் திட்டுகள். நோயாளி முன் சிரிக்கவே கூச்சம். ஃபுளோரைடு பேஸ்ட்டை நிறுத்திவிட்டேன். சரிதானே?

இல்லை மா. எனாமல் உருவாகிக்கொண்டிருந்த சிறு வயதில் குடித்த தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு போட்ட திட்டு அது. முளைத்து முடிந்த பல்லில் பேஸ்ட் புதிதாகத் திட்டு போடாது. சொத்தையைத்தான் தடுக்கும், மறுபடி ஆரம்பியுங்கள். நிறத்துக்கு மைக்ரோ அப்ரேஷன் (மேல்பரப்பை மெல்லியதாகத் தேய்த்தெடுப்பது), கம்போசிட் (பல் நிறப் பூச்சு) என்று வழிகள் இருக்கின்றன. உங்கள் கல்லூரியிலேயே செய்வார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு, ஃபுளோரைடு தண்ணீரால் பாதிக்கப்பட்ட உங்கள் ஊர்ப் பக்கத்துப் பற்களும் எலும்புகளும் ஒரு முக்கியக் காரணம். நோயாளி கேட்டால் அந்தக் கதையைச் சொல்லுங்கள், கூச்சம் பாதி போகும்.

ஒரு தந்தை: மகள் இறுதியாண்டு. வீட்டில் எல்லோருடைய பிரஷையும் மாற்ற வைத்தாள். தன் ஞானப்பல் வீக்கத்துக்கு மட்டும் மாத்திரை போட்டுச் சமாளிக்கிறாள்.

எங்கள் பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான் ஐயா. ஊசியிலிருந்து தையல் வரை என்ன நடக்கும் என்று தெரிந்த பயம், கூடவே வகுப்புத் தோழர்கள் வாயைப் பார்ப்பார்களே என்ற வெட்கம். பாதி முளைத்த பல்லை ஈறு மூடியிருந்தால் அதற்கடியில் சாப்பாடு சிக்கும். மாத்திரை வலியை அடக்கும், அந்த இடத்தைச் சுத்தம் செய்யாது. வாய் திறக்க முடியவில்லை, விழுங்கச் சிரமம், காய்ச்சல், இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே போயாக வேண்டும். போனில் "சாப்பிட்டியா" என்பதற்குப் பதிலாக "ஓபி சீட்டு போட்டியா" என்று கேளுங்கள்.

பெயர் சொல்லாத ஒருவர்: உங்கள் பல் எப்படி மேடம்?

இரண்டு அடைப்பு இருக்கிறது. இரண்டுமே ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது, கோட் பாக்கெட்டில் காபி மிட்டாயோடு திரிந்த காலத்தில் வந்தவை. அடைத்தது பேட்ச் தோழி. தன் கோட்டாக் கணக்கில் எழுதிக்கொண்டாள்.