சி.டி.4 மெதுவாக ஏறினால் மாத்திரையின் மேல் சந்தேகப்படலாமா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து 46 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து மாத்திரையைப் பதினான்கு மாதமாக ஓர் இரவும் தவறாமல் விழுங்கி வருகிறார். ரத்தத்தில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் வைரல் லோடு பரிசோதனையில் கிருமி கண்டறியப்படவில்லை என்று வந்திருக்கிறது. ஆனால் சி.டி.4, அதாவது நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, தொடக்கத்தில் 142 ஆக இருந்தது, இப்போதும் 268-தான். மாத்திரையே எதிர்ப்புச் சக்தியைத் தின்கிறதா, இரண்டு வாரமாக இரவில் பாலில் கலந்து குடிக்கும் மாதம் 6,000 ரூபாய்ப் பொடியைத் தொடரலாமா என்று கேட்கிறார்.

மாத்திரை தின்னவில்லை ஐயா, தின்றுகொண்டிருந்தது கிருமி. மாத்திரை அணுக்களை உற்பத்தி செய்வதும் கிடையாது. கிருமி பெருகுவதை அது தடுக்கிறது, அதன்பிறகு உங்கள் உடலே இழந்ததை நிரப்பிக்கொள்கிறது. முதல் சில வாரங்களில் எண் சட்டென்று ஏறுவதற்குக் காரணம், நெறிக்கட்டிகளில் சிக்கிக் கிடந்த அணுக்கள் ரத்தத்துக்குத் திரும்புவதுதான். அதற்குப் பிறகு புதிய அணுக்கள் பிறந்து வர வேண்டும். வயது கூடக்கூட, சிகிச்சையைத் தாமதமாகத் தொடங்கியிருந்தால் இன்னும் கூடுதலாக, இந்த இரண்டாம் கட்டம் ஆண்டுக்கணக்கில் மெதுவாகவே நகரும். 126 ஏறியிருப்பது நல்ல ஏற்றம். மருந்து வேலை செய்கிறதா என்பதற்கு வைரல் லோடுதான் சாட்சி, சி.டி.4 ஒரு சளிக் காய்ச்சலுக்கே இறங்கிவிட்டு மீண்டும் ஏறும்.

இதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறி வந்து வரிசையில் நிற்பவரின் கையில் ஓர் எண்ணைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு 'அடுத்தவர்' என்று கூப்பிட்டால், அந்த எண்ணுக்கு விளக்கம் சொல்ல வெளியே ஒருவன் காத்திருக்கத்தானே செய்வான்? காட்பாடியில் ரயிலைவிட்டு இறங்கியதுமே நோயாளியை மோப்பம் பிடிக்கும் தரகர்கள் உள்ள ஊர் இது. 1986-இல் சென்னையில் எடுத்த ரத்தத்தை வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பரிசோதித்துத்தான் இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலாக அறியப்பட்டது. அப்படிப்பட்ட ஊரிலேயே பொடி விற்கிறது.

பொடியால் போவது பணம் மட்டும் என்றால் விட்டுவிடுவேன். உங்கள் மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். இவற்றில் டோலுடெக்ராவிரை இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் வயிற்றிலேயே பிடித்துவைத்து ரத்தத்தில் சேரவிடாமல் செய்யும். பற்பம் (உலோகத்தையோ சங்கு, சிப்பி போன்றவற்றையோ புடம்போட்டு எடுக்கும் சாம்பல்) கலந்த பொடியில் இரண்டுமே இருக்கக்கூடும். இங்கே ஒரு விலக்கைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு மருத்துவர் எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரையையோ கால்சியத்தையோ யாரும் நிறுத்திவிடக் கூடாது. அவற்றைச் சாப்பாட்டோடு சேர்த்து, கூட்டு மருந்துடன் ஒரே வேளையில் விழுங்கலாம். வெறும் வயிற்றில்தான் சிக்கல். வெறும் வயிற்றில் என்றால் கூட்டு மருந்தை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவோ ஆறு மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் போன்ற மருந்துகளுக்குச் சாப்பாட்டுச் சலுகை கிடையாது, எப்போதும் அந்த இடைவெளி வேண்டும்.

பொடிக்காரர் அடுத்து 'மாத்திரை சூடு, கொஞ்ச நாள் விடுங்கள்' என்பார். எண்ணைப் பார்த்து மருந்தை நிறுத்தித் தொடங்கும் முறையை 5,472 பேரிடம் சோதித்த ஆய்வு 2006-இல் வெளியானது. நிறுத்தியவர்களிடையே நோயும் மரணமும் கூடுதலாக இருந்தன.

பொடியை இன்றே நிறுத்துங்கள், டப்பாவை மட்டும் எறியாமல் வைத்திருங்கள். அடுத்த முறை எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும்போது அதை மருத்துவர் மேசைமேல் வைத்து, எத்தனை நாள் குடித்தீர்கள் என்று சொல்லி, வைரல் லோடை முன்கூட்டியே பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.