சிங்கப்பூரில் ஃப்ரீமேசன் அமைப்பு: வரலாறும் நிர்வாகமும்

கோல்மன் தெருவில் மண்டபம் வைத்திருக்கும் ஃப்ரீமேசன்கள் யார், அவர்களை நிர்வகிப்பது யார் என்று கேட்டிருந்தீர்கள்.

கல்தச்சர்களின் பழைய தொழிற்குழு மரபைத் தன் சடங்குகளுக்கு அடிப்படையாகக் கொண்ட சகோதரத்துவ அமைப்பு இது. லண்டனின் நான்கு லாட்ஜுகள் (உறுப்பினர்கள் கூடும் உள்ளூர்க் கிளைகள்) சேர்ந்து 1717இல் ஒரு தலைமை லாட்ஜை நிறுவின என்பது அவர்களின் மரபு வரலாறு; பின்னாளில் இங்கிலாந்தில் பிரிந்து நின்ற இரு தலைமை லாட்ஜுகளும் 1813இல் இணைந்தன. சிங்கப்பூரின் முதல் லாட்ஜான ‘ஸெட்லண்ட் இன் தி ஈஸ்ட்’ 1845இல் தொடங்கியது.

பலர் நினைப்பதுபோல் உலகம் முழுவதையும் ஆளும் ஒற்றைத் தலைமை இதற்குக் கிடையாது என்பதே, என் கருத்தில், முதலில் புரிந்துகொள்ள வேண்டியது. இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆகிய மூன்றின் தலைமை லாட்ஜுகளும் தனித்தனியே இயங்குகின்றன. மூன்றின்கீழும் இங்கே கிளைகள் உண்டு. புதிதாகச் சேர்பவர் பயில்நிலையில் தொடங்கி, தோழர் நிலையைக் கடந்து, மாஸ்டர் மேசன் என்னும் மூன்றாம் படியை அடைகிறார். ஒவ்வொரு லாட்ஜும் ஆண்டுதோறும் தன் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. அவருக்குத் துணையாக இரு வார்டன்கள் இருப்பர். இங்கிலாந்து மரபில் இறைநம்பிக்கை கட்டாயம் என்றாலும், எந்தச் சமயம் என்று கேட்பதில்லை. லாட்ஜுக்குள் சமய, அரசியல் விவாதங்களுக்கு இடமில்லை.