இந்தப் பந்தயம் எந்த ஊரில் நடந்தது?

கேள்வி: எங்கள் ஊர் ஓட்டப்பந்தயத்தைப் படம் எடுத்தேன். எல்லாமே பளிச்சென்று வந்திருக்கின்றன. ஆனால் எந்த ஊரில் எடுத்தது என்றே சொல்ல முடியவில்லை. எங்கே தவறினேன்?

பதில்: பெரிய லென்ஸ் வைத்திருந்தீர்களோ? தூரத்தை இழுத்துக் காட்டும் 200 மி.மீ. லென்ஸில், துளையை முழுதாகத் திறந்து எடுத்தால் ஓடுபவர் கூர்மையாக வருவார், பின்னாலிருக்கும் தெரு கரைந்துபோகும். அடுத்த முறை அகலமாகக் காட்டும் 35 மி.மீ. லென்ஸை மாட்டி, எஃப் 8 வைத்து (துளை சிறிதாகி, பின்னணியும் தெளிவாக வரும்), பாதைக்குள் கால் வைக்காமல் எவ்வளவு பக்கத்தில் போக முடியுமோ அவ்வளவு போங்கள்.

முதல் நாளே, பந்தயம் நடக்கும் அதே நேரத்தில் பாதையை நடந்து பாருங்கள். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, எந்தத் திருப்பத்தைப் பார்த்ததும் ஊர்க்காரர்கள் 'அட, நம்ம தெரு' என்பார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். இடத்தை முதலில் படச் சட்டத்துக்குள் அமைத்துவிட்டு, ஓடுபவர் அதற்குள் வரும்வரை காத்திருங்கள்.

ஷட்டர் வேகம் 1/1000 நொடி இருக்கட்டும். ஒவ்வொரு எட்டிலும் இரண்டு கால்களும் தரையை விட்டு எழும் கணம் ஒன்று உண்டு. அது சிக்காவிட்டால் ஓடுபவரும் நடப்பவர் மாதிரிதான் தெரிவார். வெளிச்சம் போதவில்லையா, ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை, கூட்டுங்கள். கொஞ்சம் புள்ளி விழுந்தால் விழட்டும்.

அப்புறம், வேடிக்கை பார்ப்பவர்கள், சுற்றி இருப்பவர்கள் எல்லாரையும் படத்தில் விட்டுவையுங்கள். பெண்களுக்கு அனுமதி இல்லாதிருந்த 1967 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய கேத்ரின் ஸ்விட்சரின் 261ஆம் எண் அட்டையைப் பிடுங்க ஓர் அதிகாரி பாயும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஸ்விட்சரை மட்டும் வெட்டி எடுத்திருந்தால் ஒரு பெண் ஓடுகிறார், அவ்வளவுதான். அந்த அதிகாரியும் சுற்றி ஓடுபவர்களும் இருப்பதால்தான் அன்று நடந்தது நமக்குத் தெரிகிறது.

நான் பெரிதாக அச்சுப்போட்டு வைத்திருப்பது, முன்னணி ஓட்டக்காரர்கள் போய் ஒரு மணி நேரம் கழித்து எடுத்த படம். ஒரு பாட்டி வாசற்படியில் உட்கார்ந்து தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தார். விளிம்பெல்லாம் நெளிந்த தட்டு. கிட்டத்தட்ட கடைசியாக வந்த பெண் அந்தச் சத்தத்துக்குத் திரும்பி, மூச்சு வாங்கியபடியே கையைத் தூக்கினார். பாட்டியின் கரண்டியும் அந்தக் கையும் ஒரே உயரத்தில் இருந்தன. மற்ற படக்காரர்கள் அதற்குள் முடிவுக்கோட்டுக்குப் போய்விட்டார்கள்.

அதனால் கடைசி ஆள் கடக்கும்வரை கிளம்பாதீர்கள். அதன்பிறகும் பத்து நிமிடம் நில்லுங்கள். தடுப்புகளைக் கழற்றுவார்கள், நசுங்கிய காகிதக் குவளைகளை யாராவது பெருக்குவார்கள். அதையும் எடுங்கள்.