வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியாவிலிருந்து குழந்தையைத் தத்தெடுக்க ஏன் இத்தனை வருடம் ஆகிறது? சட்டத்தை மாற்றிய பிறகாவது வேகம் வந்ததா?

அமெரிக்காவில் இருக்கிறோம், காராவில் (இந்தியாவின் மத்திய தத்தெடுப்பு ஆணையம்) பதிந்து இரண்டு வருடம் ஆகிறது, ஒரு அசைவும் இல்லை, சட்டத்தை மாற்றிவிட்டார்களாமே என்ன ஆயிற்று, பேசாமல் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ‘விட்டுவிடலாமா’வுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். 2022 அக்டோபரில் ஒரு ராத்திரி நானும் என் மனைவியிடம் அதையேதான் கேட்டேன். அவள் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாள். இன்றைக்கும் அது எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது.

உங்களில் ஒருவராவது அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர் என்று எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள். ஹேக் ஒப்பந்த வழியில் (நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான சர்வதேச ஒப்பந்தம் அது) ஐ-800ஏ மனு, அதாவது தத்தெடுக்க அமெரிக்கக் குடிவரவுத் துறையிடம் முதலில் அனுமதி கேட்கும் மனு, போட தம்பதியில் ஒருவர் அமெரிக்கக் குடிமகனாக இருந்தே ஆக வேண்டும், கிரீன் கார்டு போதாது. இது தெரியாமல் ஹோம் ஸ்டடிக்கு, அதாவது வீட்டுக்கு வந்து நம்மை ஆராயும் அறிக்கைக்கு, பணத்தைக் கட்டிவிட்டுத் தவித்த குடும்பம் ஒன்றை நான் அறிவேன்.

எங்கள் கதைக்கு வருகிறேன். நாங்கள் இருப்பது மிச்சிகனில். 2020 பிப்ரவரியில் பதிந்தோம். எங்கள் இருவர் வயதையும் கூட்டினால் 91 வந்தது. அன்றைய விதிப்படி நான்கு வயதுக்குட்பட்ட குழந்தை வேண்டுமென்றால் கூட்டு வயது 90ஐத் தாண்டக் கூடாது. ஒரே ஒரு வயதில் கைக்குழந்தை போயிற்றே என்று என் மாமியார் போனில் அழுதார். எங்களுக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. நடக்கிற, பேசுகிற பிள்ளையே வரட்டும் என்று இருந்துவிட்டோம்.

2021 நவம்பரில் மகளின் விவரம் வந்தது. தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத்து இல்லம். நாலரை வயது. ஒரு படம், குழந்தை பற்றிய ஆய்வறிக்கை, மருத்துவ அறிக்கை. ஒதுக்கிக்கொள்ள 96 மணி நேரம் கொடுக்கிறார்கள், எங்களுக்கு ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. படத்தில் அவள் சிரிக்கவில்லை, ஆனால் வாய் லேசாகத் திறந்திருந்தது. பால்பற்கள் அரிசி மாதிரி வரிசையாகத் தெரிந்தன. அந்தப் படத்தை பிரிட்ஜில் ஒட்டிவைத்தோம்.

தத்தெடுக்க விரும்புகிறவர்கள் எல்லோரும் வரிசையில் நிற்கும் காலத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எங்களுக்கு அது ஒரு வருடமும் ஒன்பது மாதமும். அதைத் தாங்கிக்கொண்டோம், அப்போது முகம் தெரியாது. முகம் தெரிந்த பிறகு ஆன பதினாறு மாதம்தான் எங்களை உலுக்கியது.

அந்தப் பதினாறு மாதத்தில் என்னென்ன நடந்தது என்று சொல்கிறேன், உங்களுக்கும் இதே வழிதான். நாம் ஒப்புக்கொண்ட பிறகு ஐ-800 (குறிப்பிட்ட அந்தக் குழந்தைக்கான மனு), அமெரிக்கத் தூதரகத்திலிருந்து ஹேக் ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவுக் கடிதம் (இந்தத் தத்துக்கு அமெரிக்கா சம்மதம் என்று சொல்வது), அது வந்த பின் காராவின் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று. எங்களுக்கு என்ஓசி வந்தது 2022 ஏப்ரலில். அதுவரை பரவாயில்லை. ஜூனில் மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட்டார்கள். வாய்தா, மறுபடி வாய்தா. ஆகஸ்டில் இனி வந்துவிடும் என்றார் வக்கீல். செப்டம்பர் 1 அன்று திருத்தப்பட்ட சிறார் நீதிச் சட்டம் அமலுக்கு வந்தது. தத்து உத்தரவு இனி நீதிமன்றத்தில் இல்லை, மாவட்ட ஆட்சியரிடம். அதற்கான புதிய விதிமுறைகள் வெளியானது செப்டம்பர் 23. நடுவில் இருந்த எங்கள் காகிதக் கட்டு எங்கே போனது என்று மூன்று வாரம் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. நீதிமன்றத்தில் கேட்டால் அனுப்பிவிட்டோம் என்றார்கள், கலெக்டர் அலுவலகத்தில் கேட்டால் வரவில்லை என்றார்கள். அப்புறம் வந்தது. எந்தப் பிரிவு இதைப் பார்ப்பது என்று தெரியாமல் அங்கே கிடந்தது. அதற்குள் மழைக்காலம். அந்த மாவட்டத்தில் ஏரிக்கரைகளைப் பார்க்கப் போன கலெக்டரிடம் யார் போய் எங்கள் கட்டைப் பற்றிக் கேட்பது?

அவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்த அலுவலகத்தில் இருந்தவர்களுக்கும் அது முதல் கட்டு. மாற்றத்தின் நோக்கத்திலும் தவறு காண மாட்டேன். கோர்ட்டில் ஆயிரம் சொத்து வழக்குகளுக்கு நடுவே ஒரு பிள்ளையின் மனு கிடப்பதைவிட, இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடுவோடு கலெக்டரிடம் இருப்பது மேல்தான். ஆனால் ஒரு தேதியில் கதவை மூடி இன்னொரு கதவைத் திறக்கும்போது, வாசலில் நிற்கிற பிள்ளைகளை யார் உள்ளே கூட்டிப்போவது என்று யோசித்திருக்க வேண்டும். மும்பை உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் நிலுவை வழக்குகளை இப்படி மாற்றுவதை நிறுத்திவைத்தது. எங்களுக்கு அது உதவவில்லை.

இந்தப் பக்கம், அமெரிக்காவில், ஐ-800ஏ அனுமதிக்கு ஆயுள் 15 மாதம்தான். நீட்டிக்க மறுபடி மனு, மறுபடி கைரேகை. மூன்று முறை கைரேகை கொடுத்தேன். மூன்றாவது முறை அந்த மையத்தில் இருந்த பெண்மணி முகத்தை அடையாளம் கண்டு, குழந்தை இன்னும் வரவில்லையா என்று கேட்டார். வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். அன்று ராத்திரிதான் மனைவியிடம் அப்படிக் கேட்டது.

இங்கே ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும், எங்களுக்கு யாரும் சொல்லாதது. என்ஓசி வந்துவிட்டால், உத்தரவு வரும் வரை காத்திருக்காமல், தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பில் குழந்தையை இந்தியாவுக்குள் நம்மோடு வைத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. ஏப்ரலிலேயே செய்திருக்கலாம். அக்டோபரில், டெக்சாஸில் இருக்கும் இன்னொரு தாய் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மறுநாளே மனைவி வேலையில் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்தாள். நவம்பர் இரண்டாம் வாரம் இல்லத்துக்குப் போய் மகளை அழைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அன்று வீடியோவில் பார்த்தபோது பிள்ளையின் கீழ்வரிசையில் முன்பற்கள் இரண்டு இல்லை. எப்போது விழுந்தது என்று கேட்டோம். இல்லத்து ஆயாவுக்கு நினைவில்லை. அத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறவர், அவரை என்ன சொல்ல முடியும்? முதல் பல் விழுந்தால் சாணியில் பொதிந்து கூரைமேல் போடுவார்கள் எங்கள் ஊரில். யார் போட்டார்களோ.

ஜனவரியில் கலெக்டர் முன்னால் போனோம், நானும் வந்திருந்தேன். அவர் நல்ல மனிதர். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, இவங்கெல்லாம் யாரு என்று கேட்டார். அவள் மனைவியைக் காட்டி அம்மா என்றாள். என்னைக் காட்டி, “இது போன் அப்பா” என்றாள். ஒரு வருடத்துக்கு மேல் அவளுக்கு நான் ஒரு செல்போன் திரைக்குள் இருந்த ஆள்.

உத்தரவுக்குப் பிறகு ஹேக் இசைவுச் சான்றிதழ் (தத்து ஒப்பந்தப்படி நடந்தது என்பதற்குச் சான்று), பாஸ்போர்ட், டெல்லியில் விசா. 2023 மார்ச்சில் டெட்ராய்டில் இறங்கினோம்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. இல்லத்திலிருந்து கொடுத்த காகிதக் கட்டுக்குள் ஒரு நாளிதழ் விளம்பரத்தின் நகல் இருந்தது. டெண்டர் அறிவிப்புக்கும் பெயர் மாற்ற அறிவிப்புக்கும் நடுவில், தபால்தலை அளவில் என் மகளின் முகம், மொட்டைத் தலையோடு. இந்தக் குழந்தையின் பெற்றோரோ உறவினரோ இருந்தால் குழந்தைகள் நலக் குழுவை அணுகவும் என்று கீழே. அவள் எப்படி அங்கே வந்தாள் என்பது அவளுடைய கதை, நான் இங்கே எழுத மாட்டேன். ஆனால் அந்தத் துண்டைப் பார்த்த அன்றுதான், காத்திருப்பு ஒன்றல்ல இரண்டு என்று எனக்குப் புரிந்தது. கைவிடப்பட்ட குழந்தை இரண்டு வயதுக்குள் என்றால் இரண்டு மாதம், அதற்கு மேல் என்றால் நான்கு மாதம் கழித்துத்தான் தத்துக்கு உரியது என்று அறிவிக்கலாம். தாயே ஒப்படைத்தாலும் மனம் மாற இரண்டு மாதம். அந்தக் காலம் அவளைப் பெற்றவளுடையது. அதில் ஒரு நாளைக்கூட எனக்குக் குறைத்துத் தர வேண்டாம்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1999இல் சென்னை புளியந்தோப்பில் தெருவோரம் தாயோடு தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், பொய்க் காகிதம் தயாரித்து நெதர்லாந்துக்குத் தத்து அனுப்பினார்கள். 2005இல் கும்பல் பிடிபட்ட பிறகுதான் பெற்றோருக்கே தெரிந்தது. 1982இல் லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமும், 1984இல் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பும், 1990இல் வந்த காராவும், 2003இல் நாம் ஏற்ற ஹேக் ஒப்பந்தமும் இதைத் தடுக்கத்தான். தடுக்க முடியாமல் போனதும் உண்டு. 2021 பிப்ரவரியில் நெதர்லாந்து அரசு வெளிநாட்டுத் தத்து முழுவதையும் நிறுத்திவைத்தது. இலங்கை, வங்கதேசம் உள்பட ஐந்து நாடுகளிலிருந்து பழைய நாட்களில் வந்த தத்துகளில் முறைகேடு இருந்ததை ஒரு குழு கண்டுபிடித்திருந்தது. சீனா 2024இல் கதவையே சாத்திவிட்டது. அங்கே கையில் படம் வைத்திருந்த நூற்றுக்கணக்கான அமெரிக்கக் குடும்பங்கள் அப்படியே நின்றுபோயின. எங்கள் பிரிட்ஜில் இருந்த படத்தை நினைத்து அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே வேகம் வேண்டும் என்று கத்துகிறவர்கள் கூட்டத்தில் நான் இல்லை. என் ஆத்திரமெல்லாம் பெற்றவளுடைய காலம் முடிந்த பிறகு காகிதம் தின்கிற காலத்தின் மேல்தான். 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றக் குழு சொன்ன கணக்கைப் பாருங்கள். 2021 டிசம்பரில் பதிந்து காத்திருந்தவர்கள் 27,939 பேர். ஆதரவற்ற, கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகள் 6,996. அதில் தத்துக்கு உரியவர்கள் என்று அறிவிக்கப்பட்டவர்கள் 2,430 மட்டும். மீதிப் பிள்ளைகள் எல்லோருடைய தாயும் தேடி வந்துகொண்டா இருக்கிறார்கள்? பலருடைய கட்டு ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது. 2024-25இல் 4,515 தத்துகள் நடந்தன, 4,155 உள்நாட்டில். கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. காத்திருப்போர் வரிசைக்கு அது போதாது.

“வெளிநாட்டில் இருக்கும் உங்களுக்கு எதற்கு உள்ளூர்த் தம்பதிகளோடு சம வரிசை?” என்று கீழே யாராவது எழுதுவீர்கள். எழுதுங்கள். பிள்ளைக்கு முதலில் சொந்த நாட்டில் குடும்பம் தேட வேண்டும் என்பதே ஹேக் ஒப்பந்தத்தின் அடிப்படை, அது எனக்கும் சம்மதம். நாலரை வயதுப் பெண்பிள்ளைக்கு எங்களுக்கு முன்னால் எத்தனை பேர் விவரம் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள் என்று என்னால் கேட்க முடியாது, கேட்கவும் மாட்டேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். கிராமத்தைத் தத்தெடுத்தார், ஏரியைத் தத்தெடுத்தார், மிருகக்காட்சிசாலையில் புலியை ஆறு மாதத்துக்குத் தத்தெடுத்தார் என்று செய்தியில் எழுதுகிறீர்களே, தயவுசெய்து வேறு சொல் தேடுங்கள். பொறுப்பேற்றார், செலவை ஏற்றார் என்று எழுதலாம். போன வருடம் தமிழ்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது என் மகள் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள், “ஆறு மாசம் முடிஞ்சா புலி என்னப்பா பண்ணும்?” அவளுக்கு அந்தச் சொல் தெரியும். நாங்கள்தான் சொல்லிக்கொடுத்தோம், எதையும் மறைக்கக் கூடாது என்று. அன்று ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை.

விட்டுவிடாதீர்கள். கைரேகை காலாவதித் தேதியை இன்றே காலண்டரில் குறித்துவையுங்கள், காலாவதிக்கு 90 நாள் இருக்கும்போதே நீட்டிப்பு மனு போடுங்கள், அதற்கு முன்னால் போட முடியாது. என்ஓசி வந்த அன்றே வளர்ப்புப் பராமரிப்பு பற்றி இல்லத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் எழுத்தில் கேளுங்கள், வாய்ச்சொல்லில் வேண்டாம். உங்களில் ஒருவர் விடுப்பெடுத்து இந்தியாவில் ஆறு மாதம் இருக்க முடியுமா என்று இப்போதே பேசிவையுங்கள். எந்த வயதுப் பிரிவில் பதிந்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லையே, கருத்தில் சொல்லுங்கள். நாங்கள் கலெக்டர் அலுவலகத்துக்குக் கொடுத்த கடிதத்தின் மாதிரி என்னிடம் இருக்கிறது, பெயர்களை எடுத்துவிட்டு அனுப்புகிறேன்.