ஆய்வகத்தில் வளர்க்கும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் செல்களை நம்பி மருந்து கண்டுபிடிக்க முடியுமா?

புட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயர் சரியாக இருந்தால் ஓரளவு முடியும். பெயர் தவறியதில் எனக்கு ஐந்து மாத உழைப்பு போனது.

நான் ஆடுதுறைப் பக்கத்துக்காரன். முனைவர் பட்டத்துக்காகத் திருச்சியில் ஓர் ஆய்வகத்தில் ஆர்டி4 எனும் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் செல்களை வளர்த்தேன். இவற்றில் எஃப்ஜிஎஃப்ஆர்3 மரபணு இன்னொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டு ஓயாமல் 'பெருகு' என்று ஆணையிடும். அந்த ஆணையைத் தடுக்கும் மருந்தைத்தான் சோதித்தேன். 37 டிகிரி வெப்பம், 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, எல்லாம் முறைப்படிதான். செல்கள் மருந்தைச் சட்டை செய்யவே இல்லை. 'பலனில்லை' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன்.

மார்கழியில் ஊருக்குப் போனபோது அப்பா விதைப்பண்ணையில் கலவன், அதாவது கலந்துவிட்ட வேறு ரகப் பயிர், பிடுங்கிக்கொண்டிருந்தார். சி.ஆர். 1009 நெல் வயலில் ஒரு தூர் மட்டும் மற்றவற்றுக்கு மேல் தலைநீட்டி நின்றது.

"நன்றாகத்தானே வளர்ந்திருக்கிறது?" என்றேன்.

"அதுதானேடா அடையாளம்" என்று பிடுங்கி வரப்பில் போட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆர்டி4 மெதுவாக, நெருக்கியடித்துத் தீவு தீவாகப் பரவும். என் புட்டியில் இருந்தவையோ தனித்தனியாகப் பிரிந்து நாலே நாளில் அடிப்பரப்பை நிறைத்தன. செழிப்பு என்று மகிழ்ந்திருக்கிறேன், மடையன்! திரும்பியதும் எஸ்டிஆர் எனும் மரபணு அடையாளச் சோதனைக்கு அனுப்பினேன். வந்த விடை: டி24.

டி24, எண்பது வயதைக் கடந்த ஸ்வீடன் மூதாட்டி ஒருவரின் சிறுநீர்ப்பைக் கட்டியிலிருந்து வந்தது. மனிதப் புற்றுநோய் மரபணு ஒன்றில் ஒரே எழுத்து மாறியிருப்பதை 1982-இல் முதன்முதலாகக் காட்டியவை இந்தச் செல்கள்தாம். ராஸ் மரபணுவில் ஜி (G) எனும் டிஎன்ஏ எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் டி (T) இருந்தது. அந்த ஆய்வுகளில் வேறொரு செல் வரிசை என்று கருதிப் பயன்படுத்திய ஈஜே செல்களும் டி24 தான் என்று பின்னர் தெரிந்தது. தொப்புள்கொடி இரத்தநாளச் செல் என்று உலகமே நம்பிய ஈசிவி304 உம் அதுவே. வேகமாக வளரும் செல் ஒரு துளி தெறித்தால் போதும், மெதுவானதை விழுங்கிவிடும்.

டி24-இல் ஆணையிடுவது ராஸ். என் மருந்து அடைத்ததோ வேறு வாசலை. ஆக, மருந்தின் மேல் குற்றமில்லை.

பெயர் சரியாக இருந்தாலும் செல் வளர்க்கும் தட்டில் நோயெதிர்ப்பு மண்டலம் கிடையாது. காசநோய்த் தடுப்பூசிக் கிருமியைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் பிசிஜி சிகிச்சை உடலின் எதிர்ப்பைத் தூண்டித்தான் வேலை செய்கிறது. அதன் முழுப் பலனைத் தட்டு காட்டாது. இப்போது எங்களிடம் வரும் செல்கள் எதுவானாலும், அடையாளச் சோதனை முடியும் வரை தனி இன்குபேட்டரில்தான் இருக்கும்.